கதவருகே யாரும் வேண்டாம்

படத்தில் எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது. கட்டில், நீலப் போர்வைக்குள் சுருண்டு தூங்கும் ஒரு சிறுமி, தரையில் கவிழ்ந்து கிடக்கும் பொம்மை ஒட்டகச்சிவிங்கி, சுவரில் படியும் மாலை வெளிச்சம். அவள் எழுதியது அவ்வளவுதான். ஆனால் கட்டிலுக்குப் பின்னால், பாதி திறந்திருந்த கதவின் ஓரத்தில், அவள் எழுதாத ஒரு நிழல் விழுந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. சட்டை மாட்டிய கொக்கியின் நிழல் என்று யாராவது சொன்னால் நம்பிவிடலாம். கொக்கியையும் அவள் எழுதவில்லை என்பதுதான் சங்கடம்.

"சனியன்," என்று முணுமுணுத்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். நிழல் அங்கேயேதான் இருந்தது.

ஆபீஸில் அவளுக்குப் படக்காரி என்று பெயர். நேராக ஒரு கோடு இழுக்க வராது, ஆனாலும் படக்காரி. கம்பெனி அடுக்குமாடி வீடு கட்டி விற்கிறது. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று வாங்க வருகிறவர்களுக்குப் படம் காட்ட வேண்டும். அவள் வார்த்தையில் எழுதிக் கொடுப்பாள், கம்ப்யூட்டர் வரைந்து தள்ளும். கேட்பவர்கள் "இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார்கள். காலையிலிருந்து இருட்டும் வரை ஆபீஸ் நாற்காலியில் எழுதிவிட்டு, மீதியை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் எழுதிப் பார்த்தால் தெரியும். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே வலி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் வலித்தது.

இயந்திரத்திடம் பேசுவதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. 'அழகான அறை' என்று எழுதினால் ஹோட்டல் வரவேற்பறையைக் கொண்டுவந்து நிறுத்தும். எங்கிருந்து பார்க்கிறோம், வெளிச்சம் எந்தப் பக்கம், எது எதற்கு அருகில் என்று குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கவளம் கவளமாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாததைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'வேண்டாம்' என்ற சொல் அதன் காதில் ஏறாது. முன்னொருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'சமையலறையில் பூனை இருக்கக் கூடாது' என்று எழுதிவிட்டார். அடுப்பின் மேல் பூனை, சிங்குக்குள் பூனை, ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு ஒரு பூனை. ஆபீஸே வயிறு வலிக்கச் சிரித்தது. "பூனை போகணும்னா பூனைங்கிற பேச்சையே எடுக்காதீங்க. அந்த எடத்துல என்ன இருக்கணுமோ அதைச் சொல்லுங்க. எடம் நிறைஞ்சிட்டா அதுவே போயிடும்," என்று திருத்திக் கொடுத்தது படக்காரிதான்.

அது எல்லாம் தெம்பாக இருந்த நாளில். இன்று மதியத்திலிருந்து மகளுக்குக் காய்ச்சல்.

"அம்மா..."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. மகளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் அத்தனை சிறிசு, வாய் அத்தனை காரம். இன்று காரமெல்லாம் இறங்கிப்போய்க் குரல் நூல்போல வந்தது.

"இதோ வர்றேன்."

எழுந்துபோய் அறை வாசலில் நின்றாள். ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இருமல் மருந்தின் இனிப்பு வாடையும் ஈரத்துணி வாடையும் கலந்து அறை புழுங்கிக்கொண்டிருந்தது. நீலப் போர்வைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. படத்துக்கு மாதிரியாக அவள் இந்த அறையைத்தான் எழுதியிருந்தாள். புதிதாக ஓர் அறையை யோசித்து உருவாக்க மூளையில் எதுவும் மிச்சமில்லாதபோது, கண்முன் இருப்பதை எழுதிவிடுவது எளிது.

"தண்ணி வேணுமா?"

"வேணாம். பக்கத்துல உட்காரு."

"இந்த ஒரே ஒரு படம் கண்ணு. முடிச்சிட்டு வந்து உட்கார்ந்துக்கறேன். நீ தூங்கற வரைக்கும்."

"நேத்தும் இப்படித்தான் சொன்னே." மிளகு சண்டைக்கு வரவில்லை, சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். "நீ எப்பவும் அங்கயே நின்னு பாத்துட்டுப் போயிடுறே."

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தாள், மேஜையில் போன் அதிர்ந்தது. போய்விட்டாள்.

அழைத்தது மேலதிகாரி. எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி பேசுவதால் ஆபீஸில் எல்லோரும் அவரை அவசரம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்.

"என்னம்மா, குழந்தை ரூம் வந்துடுச்சா? பிரஸ்ல ஆள் காத்துக்கிட்டிருக்கான்."

"கதவுகிட்ட ஒரு நிழல் விழுது சார். எடுத்துட்டு அனுப்பிடறேன்."

"சீக்கிரம் எடுங்கம்மா. பாக்கறவங்களுக்கு இந்த வீட்ல நம்ம புள்ள நிம்மதியா தூங்கும்னு தோணணும். பேயைப் பாத்த மாதிரி ஓடக் கூடாது."

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு வைத்தார். அவள் விசைப்பலகையை இழுத்தாள். நிழல் இருக்கும் இடத்தில் ஓர் அலமாரியை எழுதியிருக்கலாம். கதவையே மூடி எழுதியிருக்கலாம். தெரியாதவள் அல்ல. ஆனால் மனசு உள்ளறையில் இருந்தது, விரல்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தன. பூனைக்காரர் செய்த அதே தப்பைச் செய்தாள்.

*கதவருகே யாரும் வேண்டாம்.*

படம் மேலிருந்து கீழாக மெல்லத் தெளிந்து வந்தது. கூரை, சுவர், கதவு. கதவருகே ஓர் ஆள் நின்றது.

பெண். நின்ற வாக்கிலேயே தெரிந்தது. உள்ளே வரவுமில்லை, வெளியே போகவுமில்லை. பின்னால் இருந்த கூடத்து விளக்கின் வெளிச்சத்தில் உடம்பின் ஓரம் மட்டும் கோடாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் இருட்டு.

"புத்தி இருக்கா எனக்கு," என்று தலையில் தட்டிக்கொண்டாள். வரியை அழித்தாள். ஆள் போகவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு, புதுப் பக்கம் திறந்து, ஆதியிலிருந்து எழுதினாள். கட்டில், போர்வை, ஒட்டகச்சிவிங்கி, வெளிச்சம். கதவைப் பற்றி மூச்சுவிடவில்லை. படம் வந்தது. பெண்ணும் வந்தாள். இந்த முறை ஒரு கை கதவு நிலையில் ஊன்றியிருந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தாள். கட்டிலுக்கு மேலே கூரையில் மங்கலாக ஓர் ஈரக்கறை. மிளகின் அறையில் மழைக்காலத்தில் ஊறும் அதே கறை, அதே இடத்தில். அதை அவள் எழுதவே இல்லை. யார் கூரைக்கறையைக் காட்டி வீடு விற்பார்கள்?

கறையும் நிழலும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். களைத்தவர்கள் பயப்படுவதைவிட எரிச்சல்படுவது சுலபம். எரிச்சலில் தட்டினாள்: *நிலையில் கையை ஊன்றிக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது.*

தட்டிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் மிளகின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தது நினைவு வந்து ஓடினாள். காற்று சாரலை அள்ளி முகத்தில் அடித்தது. கவ்விகளைப் பிடுங்கித் துணிகளை அள்ளி உள்ளே போடுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டாள். பின்னல் அவிழ்ந்து, தலைமுடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள்.

படம் முடிந்திருந்தது.

கதவருகே நின்றவளின் தலை நனைந்திருந்தது. முடி கற்றை கற்றையாகத் தொங்கியது. தோளில் ஒரு துண்டு. தலை கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து எட்டிப் பார்த்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் விழவில்லை.

அவள் கை தானாகத் தன் தோளுக்குப் போனது. துண்டு இருந்தது. ஈரமாக, கனமாக.

இந்தக் கம்ப்யூட்டர் தன்னைப் பார்க்கிறது, திரைக்கு மேலே இருக்கிற கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடிப் பொட்டு வழியாகப் பார்த்துத்தான் வரைகிறது என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. மிளகின் ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து அந்தப் பொட்டின் மேல் ஒட்டினாள். மேஜையிலிருந்து பார்த்தால் அறைக்கதவு தெரியாது. கூடம் திரும்பும் மூலை மறைத்துவிடும். படம் பார்க்கிற கோணமோ அறையின் உள்ளே, ஜன்னல் பக்கமிருந்து. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் அது உறைத்தது.

கணவனைக் கூப்பிட்டாள். அவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். நாலு நாள் வீட்டில் இருந்தால் நாற்பது நாள் சாலையில். பின்னணியில் இஞ்சின் உறுமியது.

"என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"படத்துல ஒரு பொம்பள வந்து நிக்கிறா. என்ன பண்ணாலும் போக மாட்டேங்கிறா. பாத்தா என்னை மாதிரியே இருக்கு."

"உன்னை மாதிரியா? அப்ப வேலை செஞ்சுகிட்டு இருப்பாளே, சும்மாவா நிக்கிறா?" சிரித்தான். அவள் சிரிக்காததை உணர்ந்து குரலை இறக்கினான். "தூக்கமில்லாம கண்ணு பொய் சொல்லுது. அதை மூடி வச்சுட்டுப் போய் புள்ள பக்கத்துல கொஞ்சம் உட்காரு. உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது."

"இதோ, இதை அனுப்பிட்டு..."

"நீ உருப்பட மாட்ட," என்றான் பாசமாக. சிக்னல் போய்விட்டது.

மழை சத்தம் வீட்டை நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது. மற்ற சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. ஃபிரிட்ஜின் முனகல்கூடக் காணோம்.

"அம்மா, நீதானே?"

மிளகின் குரல்.

"என்ன கண்ணு?" மேஜையிலிருந்தே கேட்டாள்.

பிறகு, மெதுவாக, "நீ அங்க இருக்கியா? அப்ப கதவுகிட்ட யாரு?"

எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. ஓடவில்லை. எல்லா அம்மாக்களும் சொல்லும் பதில்தான் வாயிலிருந்து வந்தது.

"கதவுகிட்ட யாரும் இல்ல. தூங்கு."

சொன்ன பிறகுதான் பக்கென்றது. யாரும் வேண்டாம், நிற்கக் கூடாது, யாரும் இல்லை. இன்று மாலை முழுக்க அவள் செய்ததெல்லாம் அந்த ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான்.

"மிளகு?"

தூங்கியிருப்பாள். மருந்து வேலை செய்திருக்கும். தூங்கியிருக்க வேண்டும்.

கால் எழ மறுத்தது. திரையில் அந்த ஈரத்தலை இன்னும் அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை இப்படியே விட்டுவிட்டு அந்தக் கதவை நோக்கி நடக்க அவளால் முடியாது. முதலில் இதை அனுப்ப வேண்டும், இதை இல்லாமல் ஆக்க வேண்டும். வேண்டாததைச் சொல்லக் கூடாது. வேண்டியதைச் சொல்ல வேண்டும். இடம் நிறைந்துவிட்டால் அதுவே போய்விடும். போன் ஒளிர்ந்தது: அவசரம். எடுக்காமல் தட்டத் தொடங்கினாள்.

*கட்டிலின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.*

மேலே எழுதினாள். *குழந்தையின் தலை அவள் மடியில். ஒரு கை நெற்றியைத் தடவிக்கொடுக்கிறது.* களைப்பில்லாதவள் என்று எழுதப்போய், நல்லவேளையாகச் சட்டென்று அழித்தாள். *நிதானமானவள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். இடது கன்னத்தில் சின்ன மச்சம். உலர்ந்த, தளரப் பின்னிய கூந்தல். மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை தூங்கும் வரை உட்கார்ந்திருப்பாள். விடியும் வரை உட்கார்ந்திருப்பாள்.* இவ்வளவு விவரம் எந்தப் படத்துக்கும் அவள் எழுதியதில்லை. எழுதி முடித்தபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துண்டின் ஓரத்தால் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கூரை வந்தது. சுவர் வந்தது. கதவு வந்தது, அருகே வெறும் வெளிச்சம். அங்கே நின்றவள் போய்விட்டாள்.

கட்டிலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். மச்சம், பின்னல், மடியில் குழந்தை. எந்த விரலும் கோணவில்லை, எந்த நிழலும் பிசகவில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன் படக்காரிக்கு இருந்த முகம் அது. பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அனுப்பினாள். அடுத்த நிமிஷமே அவசரம் கூப்பிட்டார். "இது படம்மா! அந்தம்மா முகத்தைப் பாத்தா நானே போய் மடியில படுத்துக்கலாம் போல இருக்கு. யாரைப் பாத்து எழுதினீங்க?"

"யாரையும் இல்ல சார்," என்றாள்.

கம்ப்யூட்டரை மூடினாள். முடிந்தது. இனி போய் உட்காரலாம், சொன்ன வாக்கைக் காப்பாற்றலாம். கால்மாட்டில் படுத்தாவது தூங்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து மூலை திரும்பினாள். மழை விட்டிருந்தது. தலையிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

அதற்கு நடுவே இன்னொரு சத்தம்.

அறைக்குள் யாரோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. மிளகு கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூங்கவைக்க இவள் போடும் சத்தம். இவளே மறந்துபோன சத்தம்.

கதவு பாதி திறந்திருந்தது. விழுந்துவிடாமல் இருக்க ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டாள். எட்டிப் பார்த்தாள்.

கட்டிலின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

முதுகு தெரிந்தது. உலர்ந்த பின்னல். மடியில் மிளகின் தலை. நெற்றியைத் தடவும் கை. போகிறது. வருகிறது. நிதானமாக.

கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை.

உள்ளே கால் வைக்க வேண்டும். வைத்துப் பார்த்தாள். கால் நகரவில்லை. எந்தப் படத்திலும் கதவருகே நின்றவள் உள்ளே வந்ததில்லை.

மிளகு தலையைத் திருப்பினாள். காய்ச்சல் கண்கள் கதவை நோக்கின. நேராக இவளை நோக்கின. அந்தக் கண்களில் அடையாளம் இல்லை. பயம் இருந்தது.

"அம்மா," என்றாள் மடியில் இருந்தபடியே. "மறுபடி கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க."

நான்தான் கண்ணு. நான்தான். சொல்லத்தான் நினைத்தாள்.

உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. தடவும் கையும் நிற்கவில்லை. பதில் மட்டும் வந்தது. இவளுடைய குரலில், களைப்பு நீங்கிய குரலில்.

"யாரும் இல்ல கண்ணு. தூங்கு."

மிளகு கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலுக்கு அப்பால் ஜன்னல். வெளியே இருட்டு. கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது, படத்தில் வந்த அதே கோணத்தில். நீலப் போர்வை. கவிழ்ந்த ஒட்டகச்சிவிங்கி. மச்சம் வைத்த, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு முகம். அதற்குப் பின்னால், பாதி திறந்த கதவில், கூடத்து விளக்கை மறைத்துக்கொண்டு ஓர் ஆள். நனைந்த தலை. தோளில் துண்டு. நிலையில் ஊன்றிய கை.

அந்த ஆளின் முகத்தைத் தேடினாள். முடிக்கு நடுவே, நெற்றியிலிருந்து தாடை வரை, எதுவும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. அந்த முகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.